உள்ளே போன வீரருக்கு குரல் எட்டுமா? 4 மாவட்ட வண்டிகள் கூடும் குன்றத்தூரில் தேவை தனி சேனல்!

குன்றத்தூர்:

தீ பிடித்தால் 101-க்கு போன் போட வேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சிவப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வரும், தண்ணீர் பீய்ச்சும், தீ அணையும். பொதுமக்கள் கண்ணுக்கு தெரிவது இவ்வளவுதான். ஆனால் முகமூடி மாட்டிக்கொண்டு புகைக்குள் போன 2 வீரர்கள் வெளியே நிற்கும் அதிகாரியிடம் எப்படி பேசுகிறார்கள்? கூரை இறங்குது, வெளியே வா என்று கூப்பிட்டால் அவர்கள் காதில் விழுமா? தீயணைப்பு வேலையில் பல நேரம் உயிர் போவதும் பிழைப்பதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

கையில் இருப்பது ஒரு வாக்கி-டாக்கி. அதில் எந்த சேனல் போட்டிருக்கிறார்கள், அதே சேனலில் இன்னும் யார் யார் பேசுகிறார்கள், சிமெண்ட் சுவரை தாண்டி சத்தம் போகுமா என்பதுதான் விஷயம். குன்றத்தூர் வட்டாரத்துக்கு இது மற்ற ஊர்களை விட ஒரு படி கூடுதலாகவே பொருந்தும்.

எல்லைக்கு எல்லை வேறு அதிகாரி

குன்றத்தூர் இருப்பது காஞ்சீபுரம் மாவட்டம். கொஞ்ச தூரத்தில் உள்ள பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். தாம்பரம், 2019 நவம்பரில் புதிதாக பிறந்த செங்கல்பட்டு மாவட்டம். போரூர் பக்கம் போனால் சென்னை. பஸ்சில் ஏறி அரை மணி, முக்கால் மணி நேரம் போனால் 4 மாவட்டத்தை மிதித்து விடலாம். போலீசிலும் 2022 ஜனவரியில் ஆவடி, தாம்பரம் என 2 கமிஷனர் அலுவலகங்கள் புதிதாக வந்தன.

தீக்கு எல்லைக்கோடு தெரியாது. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு குடோன் பெரிதாக பற்றிக்கொண்டால், பூந்தமல்லி, தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர், சென்னை என்று நாலா பக்கமும் இருந்து வண்டிகள் வந்தால்தான் சமாளிக்க முடியும். அத்தனை வண்டியிலும் வயர்லெஸ் செட் இருக்கும். அவரவர் கண்ட்ரோல் ரூமுடன் பேசிக்கொண்டேதான் வந்து சேருவார்கள். வந்து இறங்கிய பிறகு எல்லாரும் ஒரே சேனலுக்கு மாறினால்தான் வேலை நடக்கும். மாறாவிட்டால், பக்கத்து பக்கத்தில் நிற்கும் 2 வண்டிக்காரர்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்கு கேட்காமல் கையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எந்த பக்கம் தண்ணீர் தீருகிறது, எந்த பக்கம் ஆள் உள்ளே போயிருக்கிறார் என்பதை ஓடிப்போய் சொல்ல வேண்டி வரும்.

சாதாரண கூரை வீட்டு தீக்கு இதெல்லாம் தேவைப்படாது. ஒரு வண்டி, அரை மணி நேரம், கதை முடிந்தது. ஆனால் ஊர் அப்படியே இருக்கிறதா என்ன? 2021-ல் பேரூராட்சியாக இருந்த குன்றத்தூர் நகராட்சி ஆனது. மவுலிவாக்கம், கெருகம்பாக்கம், கோவூர் என்று போரூர் ரோடு நெடுக அடுக்குமாடிகள். கீழ்த்தளத்தில் கார் நிறுத்தம், நடுவில் லிப்ட் குழி. இன்னொரு பக்கம் வெளிவட்ட சாலையை ஒட்டி தகர ஷீட் போட்ட குடோன்கள். அதற்கும் மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். வயர்லெஸ் அலைக்கு இரும்பும் கான்கிரீட்டும் ஆகாது. இந்த வட்டாரத்தில் முளைப்பது எல்லாம் இரும்பும் கான்கிரீட்டும்தான்.

மவுலிவாக்கம் தந்த பாடம்

பல படைகள் ஒரே இடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியது இல்லை. 2014 ஜூன் 28 சனிக்கிழமை மாலை, மழை கொட்டிய நேரத்தில் மவுலிவாக்கத்தில் கட்டி வந்த 11 மாடி கட்டிடம் சீட்டுக்கட்டு போல சரிந்தது. 61 பேர் செத்துப்போனார்கள். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். ஒரு வாரம் இரவும் பகலும் மீட்பு பணி நடந்தது. அரக்கோணத்தில் இருந்து தேசிய பேரிடர் மீட்பு படை, தீயணைப்பு படை, போலீஸ், 108 ஆம்புலன்ஸ், கிரேன், பொக்லைன் டிரைவர்கள் என்று அத்தனை பேரும் ஒரே மனையில் நின்றார்கள். அதே மனையில் மிச்சம் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந்தேதி வெடி வைத்து தகர்த்தது தனிக்கதை.

இடிபாடு வேலையில் ஒரு முறை உண்டு. அடியில் சிக்கியவர் முனகல் கேட்கிறதா என்று பார்க்க எல்லா எந்திரத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தி ஊமை போல நிற்பார்கள். அந்த உத்தரவு ஒரு பொக்லைன் டிரைவருக்கு மட்டும் போகாவிட்டாலும் அத்தனை பேர் அமைதியும் வீண். ஆபத்து என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே இறங்க வேண்டும். ஆளுக்கு ஒரு படை, படைக்கு ஒரு சேனல் என்றால் அந்த உத்தரவை யார் யாருக்கு கடத்துவது?

சேனல் என்றால் என்ன?

எப்.எம். ரேடியோவில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை முள்ளை நகர்த்தினால் வேறு வேறு நிலையம் வருகிறது அல்லவா, அதே மாதிரிதான். வாக்கி-டாக்கி செட்களில் 2 வகை அதிகம் புழங்குகிறது. வி.எச்.எப். என்பது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை. யு.எச்.எப். என்பது சுமார் 400 முதல் 470 வரை. வி.எச்.எப். வெட்டவெளியில் நல்ல தூரம் போகும். யு.எச்.எப். அலை நீளம் குறைவு என்பதால் கதவு இடுக்கு, மாடிப்படி, ஜன்னல் வழியாக நுழைய கொஞ்சம் தோது. ஒவ்வொரு சேனலும் இந்த வரிசையில் ஒரு புள்ளி. அந்த புள்ளியை அவரவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. மத்திய தொலைத்தொடர்பு துறையில் டபிள்யூ.பி.சி. என்ற பிரிவு இருக்கிறது. அதுதான் அலைவரிசை ஒதுக்கும். அதனால் புதிய சேனல் வேண்டும் என்றால் நிலைய அதிகாரி நினைத்தால் போதாது, சென்னை தலைமை அலுவலகத்தில் இருந்து டெல்லிக்கு பைல் போக வேண்டும்.

அடுத்து ஒரு முக்கியமான வித்தியாசம். இது புரிந்தால் மீதி எல்லாம் புரிந்து விடும்.

கண்ட்ரோல் ரூமுடன் பேசும்போது பெரும்பாலும் ‘ரிப்பீட்டர்’ வழியாக பேச்சு போகும். உயரமான கோபுரத்தில் இருக்கும் கருவி, பலவீனமான குரலை வாங்கி பலமாக திருப்பி அனுப்பும். ஆள் உயரத்தில் 2 பேர் நேரடியாக பேசினால், பூமி உருண்டை என்ற கணக்கில் பார்த்தாலே 10 கிலோ மீட்டர்தான் எல்லை. கட்டிடங்கள் நடுவில் அது 2, 3 கிலோ மீட்டராக சுருங்கி விடும். அதே நேரம் 30 மீட்டர் கோபுரம் நடுவில் இருந்தால் அந்த கோபுரத்தை சுற்றி 25 கிலோ மீட்டருக்கு மேல் எட்டும். ஊரெல்லாம் பரவிக்கிடக்கும் வண்டிகளுக்கு இதுதான் சரி.

ஆனால் கீழ்த்தள கார் நிறுத்தத்தில் புகையில் நிற்கும் வீரருக்கு இது சரிப்படாது. அவர் கையில் உள்ள செட் வழக்கமாக 5 வாட்தான். தரைக்கு அடியில் இருந்து 15 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்தை அது தொடவே தொடாது. இத்தனைக்கும் அவருடைய அதிகாரி 50 மீட்டர் தூரத்தில் கேட் பக்கம்தான் நிற்கிறார்! கோபுரத்தை நம்பாமல் செட்டுக்கு செட் நேரடியாக பேசும் சேனல் போட்டிருந்தால் குரல் வந்து சேர வாய்ப்பு உண்டு. தீ நடக்கும் இடத்துக்கு என்று தனியாக நேரடி சேனல் வைக்க வேண்டும் என்று உலகம் முழுக்க சொல்வது இதற்காகத்தான். வெளியே நிற்கும் அதிகாரி கையில் 2 செட். ஒன்று உள்ளே இருப்பவர்களுக்கு, இன்னொன்று கண்ட்ரோல் ரூமுக்கு.

ஒரே சேனலில் எல்லாரும் பேசினால் இன்னொரு தொல்லை. வாக்கி-டாக்கியில் ஒருவர் பட்டனை அழுத்தி பேசும்போது மற்றவர் பேச முடியாது. 2 பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கொர்ர்ர் என்று ஒரு சத்தம், 2 பேர் பேச்சும் காலி. ‘தண்ணி லாரி எந்த ரோட்ல வருது’ என்று ஒருவர் சாவகாசமாக விசாரித்துக் கொண்டிருக்கும் 10 விநாடியில், உள்ளே ஒருவர் வழி தெரியாமல் கூப்பிட்டால் அந்த கூப்பாடு காற்றில் போய் விடும். யாரையும் குறை சொல்லி பயன் இல்லை, செட்டின் குணமே அப்படி.

343 பேரை பறிகொடுத்த நியூயார்க்

இதற்கு உலகமே பார்த்த சாட்சி 2001 செப்டம்பர் 11. நியூயார்க் இரட்டை கோபுரத்தில் அன்று 343 தீயணைப்பு வீரர்கள் மடிந்தார்கள். காலை 9.59-க்கு தெற்கு கோபுரம் விழுந்தது. வடக்கு கோபுரம் 10.28-க்கு விழுந்தது. நடுவில் 29 நிமிடம் இருந்தது. வெளியே வாருங்கள் என்று வயர்லெஸ்சில் உத்தரவும் போனது. அது எல்லாருக்கும் கேட்கவில்லை என்று விசாரணை கமிஷன் எழுதி வைத்திருக்கிறது. சேனலில் நெரிசல், பலர் வேறு சேனலில் இருந்தார்கள், சிலர் கையில் செட்டே இல்லை. உத்தரவு காதில் விழுந்தும் பக்கத்து கோபுரம் விழுந்ததே தெரியாததால் அவசரம் புரியாமல் நின்றவர்களும் உண்டு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 1993-ல் அதே கட்டிடத்தில் குண்டு வெடித்தபோதே வயர்லெஸ் கோளாறு தெரிந்து, தனியாக ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். அன்று காலை அதன் ஒரு பட்டன் சரியாக அழுத்தப்படாததால், கருவி பழுது என்று நினைத்து வடக்கு கோபுர அதிகாரிகள் அதை விட்டு விட்டார்கள். மேலே ஹெலிகாப்டரில் சுற்றிய போலீசார் கோபுரத்தின் நிலைமையை தங்கள் சேனலில் சொன்னார்கள். அது தீயணைப்பு படையின் சேனல் இல்லை.

புது செட் வாங்கினால் எல்லாம் சரியாகி விடும் என்று நினைப்பவர்களுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. அதே 2001 மார்ச்சில் நியூயார்க் படை டிஜிட்டல் செட் கொடுத்தது. உள்ளே சிக்கிய ஒரு வீரரின் அபயக்குரல் வெளியே இருந்தவர்களுக்கு கேட்கவில்லை என்று புகார் எழ, சில நாட்களிலேயே அத்தனையும் திரும்ப பெறப்பட்டது. பழைய செட்டில் குரல் தேயும்போது கரகரப்பு வரும், ஆள் உஷாராகி நாலடி நகர்ந்து நிற்பார். டிஜிட்டலில் கடைசி வரை தெளிவாக இருந்து பொசுக்கென்று நின்று விடும். பம்பு சத்தம், ரம்பம் சத்தம் கலந்தால் பேச்சு குழறும். பின்னாளில் நியூயார்க் படை செய்தது, 45 வாட் சக்தி உள்ள கனமான செட் ஒன்றை அதிகாரியே மாடிக்கு தூக்கிப்போகும் ஏற்பாடு. பார்க்க பந்தாவாக இருக்காது, ஆனால் குரல் போகும்.

லண்டன் கிரென்பெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14-ந்தேதி 72 பேர் பலியானார்கள். 24 மாடி. அங்கும் மேலே போன வீரர்களுடன் வயர்லெஸ் தொடர்பு சரியாக கிடைக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. பணக்கார நாடு, 16 வருடம் கழித்து, அதே கதை.

சேப்பாக்கமும் தி.நகரும்

நம்ம ஊர் பக்கம் வருவோம். 2012 ஜனவரி 16 அன்று சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் கலச மகால் தீப்பிடித்தது. அணைத்துக் கொண்டிருக்கும்போதே மேற்கூரை இடிந்து விழுந்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். கோட்ட அதிகாரியாக இருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். அந்த விபத்தை வயர்லெஸ் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கூரை இறங்க எவ்வளவு நேரம் ஆகும், கூப்பிட எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அந்த நாள் காட்டியது. 2017 மே 31 அதிகாலை தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டிடத்தில் பிடித்த தீ விடிய விடிய எரிந்து, மறுநாள் அதிகாலைக்குள் கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தே விட்டது. உஸ்மான் ரோடு பெரிய கடை வீதி. அதே மாதிரி ஜவுளிக்கடையும் மண்டபமும் இப்போது புறநகர் வரை வந்து விட்டன.

இங்கிலாந்தில் வீரர்களை வெளியே அழைக்க வயர்லெஸ்சுடன் விசிலும் அடிப்பார்கள். விட்டு விட்டு விசில் கேட்டால் கேள்வி கேட்காமல் எல்லாரும் வெளியே வர வேண்டும். விசிலுக்கு பேட்டரி வேண்டாம், டெல்லிக்கு பைலும் வேண்டாம்.

செல்போன் போதாதா?

ஆளுக்கு ஒரு செல்போன், அதில் ஒரு வாட்ஸ்-அப் குரூப், அப்புறம் எதற்கு இந்த செங்கல் மாதிரி செட் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் முகமூடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு டச் போனில் நம்பர் தேட முடியுமா? ஒருவருக்கு போன் போட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். வாக்கி-டாக்கியில் ஒரு தடவை சொன்னால் 20 பேருக்கு கேட்கும். கியாஸ், பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் சாதாரண போனை எடுக்கவே கூடாது என்று பெட்ரோல் பங்கில் போர்டு வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட தொழிற்சாலைகளுக்கு தீப்பொறி வராத தனி ரக செட் இருக்கிறது.

2015 டிசம்பரை குன்றத்தூர்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு அடையாற்று கரை ஊர்கள் மூழ்கின. முடிச்சூர், வரதராஜபுரத்தில் மொட்டை மாடியில் நின்றவர்கள் போனை தூக்கிப்பிடித்துக்கொண்டு சிக்னல் தேடினார்கள். கரண்டு இல்லை, டவர் இல்லை. அப்போது ஹாம் ரேடியோ வைத்திருக்கும் தனி ஆட்கள் வந்து செய்தி கடத்தி உதவினார்கள். எல்லாம் படுத்த பிறகும் செட்டுக்கு செட் நேரடியாக பேசும் பழைய முறை மட்டும் படுக்கவில்லை.

ஆன்லைனில் விற்கும் செட்

இன்னொரு பக்கம், லைசென்ஸ் இல்லாத வாக்கி-டாக்கிகள் ஆன்லைனில் சரமாரியாக விற்கின்றன. கல்யாண மண்டபம், செக்யூரிட்டி, கட்டிட வேலை என்று எல்லா இடத்திலும் புழக்கம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தி செட்டுக்கு 2018 விதிப்படி லைசென்ஸ் தேவை இல்லை. ஆனால் எந்த சேனலுக்கும் மாற்றிக்கொள்ளும் செட்டை வாங்கி யாரோ ஒருவர் திருகினால், அவசர படைகளின் பேச்சுக்குள் புகுந்து விடும். எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா என்று சொல்லாமல் விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. மண்டபத்தில் பந்திக்கு ஆள் அனுப்ப வாங்கிய செட், ஒரு நாள் வீரரின் அபயக்குரலை அமுக்கி விடக்கூடாது.

பணம் எங்கே?

பணமே இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலங்களின் தீயணைப்பு துறையை விரிவாக்கி நவீனப்படுத்த 2023 ஜூலையில் மத்திய அரசு 5 ஆயிரம் கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. காலம் 2025-26 வரை. இப்படிப்பட்ட பணம் வரும்போது முதலில் கண்ணில் படுவது வானத்தை தொடும் ஏணி வண்டிதான். கொடியசைத்து தொடங்கி வைக்கவும் அது வசதி. வாக்கி-டாக்கிக்கும், கூடுதல் பேட்டரிக்கும் யாரும் கொடியசைப்பது இல்லை. போலீஸ், தீயணைப்பு, மீட்பு படை எல்லாருக்கும் பொதுவாக தனி அலைவரிசை நெட்வொர்க் வேண்டும் என்று டிராய் 2018 ஜூனிலேயே பரிந்துரை செய்தது. அது பெரிய திட்டம், நடக்கும்போது நடக்கட்டும்.

அதுவரை 4 மாவட்ட தீயணைப்பு அலுவலர்களும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இருக்கிறது. எல்லை ஊர்களுக்கு எந்த வண்டி வந்தாலும் இறங்கியதும் எந்த எண் சேனலுக்கு மாற வேண்டும் என்று ஒரே முடிவு. அந்த எண் எல்லா செட்டிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு ஊர் செட்டில் 5-வது சேனலாகவும், இன்னொரு ஊர் செட்டில் 9-வது சேனலாகவும் இருந்தால் இருட்டில் யார் தேடுவது?

கட்டிடம் கட்டுபவர்களுக்கும் பங்கு உண்டு. தமிழகத்தில் 2019 விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயர்மாடி கட்டிடம். தண்ணீர் தொட்டி, குழாய், அலாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சான்று கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் பல நகரங்களில், கட்டிடத்துக்குள் தீயணைப்பு படையின் வயர்லெஸ் எடுக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். எடுக்காவிட்டால் குரலை கூட்டும் கருவியை கட்டிட உரிமையாளர் தன் செலவில் வைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் 2 அடுக்கு கார் நிறுத்தம் கட்டி விற்பவர்களுக்கு இந்த செலவு பெரிய காசு இல்லை.

1944 ஏப்ரல் 14-ந்தேதி மும்பை துறைமுக கப்பல் வெடிப்பில் இறந்த தீயணைப்பு வீரர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அடுக்குமாடிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்து ஒத்திகை காட்டுவார்கள். வாளி தண்ணீர், நுரை, கயிறில் இறங்குவது எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு வீரரை செட்டுடன் கீழ்த்தளத்தின் கடைசி மூலைக்கும், இன்னொருவரை லிப்ட் குழி பக்கமும் அனுப்பி, கேட்டில் இருந்து கூப்பிட்டு பார்க்க 10 நிமிடம் போதும். எந்த மூலையில் குரல் அறுந்து போகிறது என்று கட்டிட வரைபடத்தில் சிவப்பு பேனாவால் குறித்து, வாட்ச்மேன் அறையில் ஒன்றும் நிலையத்தில் ஒன்றும் மாட்டி வைக்கலாம்.